பிரேக்குன்னா என்ன ஒடஞ்சுது? (விடியக்காலம் டென்னிஸ் பாக்க ஆரம்பிச்சவனோட சம்சயங்கள்)

வெட்டுக்காரன் (களியக்காவிளை பக்கம்) | காலை 6:12

நமக்கு ரப்பர் வெட்டு தொழில். மழை பெய்ஞ்சா வெட்டு கிடையாது. பட்டை நனைஞ்சிருந்தா பால் சால்ல நிக்காது, மரம் முழுக்கப் பரந்து ஓடிப்போவும். வேலை இல்லன்னாலும் மூணரைக்குக் கண்ணு தானா முழிச்சுக்கும், இருபத்தாறு வருசப் பழக்கம். லைட்டப் போட்டா வீட்டுக்காரி கத்துவா. ஓணத்துக்கு வந்த மகன் ஃபோன்ல விளையாட்டு சேனல் ஒண்ணு போட்டுக் குடுத்துட்டுப் போனான். போர்வைக்குள்ள கிடந்து பாக்க ஆரம்பிச்சதுதான் இந்த டென்னிஸ். நியூயார்க்குல ராத்திரி ஏழு மணி ஆட்டம், நமக்கு விடிய நாலரை.

ஆட்டம் புடிச்சுப் போச்சு. கணக்குதான் மனசிலாவல.

சைபருக்கு லவ்வுன்னு சொல்லுதான். சரி, அவன் இஷ்டம். அடுத்தது 15, அதுக்கடுத்தது 30. அப்பம் 45 வரணும்லா? 40-ல நிக்குது. சர்வீஸ் போடுதவன் பந்து மூணு நாலு வாங்கி, மார்க்கெட்டுல தேங்கா பாக்குத மாதிரி உருட்டி உருட்டிப் பாத்துட்டு ஒண்ணத் திருப்பிக் குடுக்கான். கோட்டுகிட்ட ஒரு ஆளு கிடையாது, ஆனா "அவுட்"டுன்னு எங்கேருந்தோ குரல் வருது. அதெல்லாம் போட்டும். அடிக்கடி "பிரேக், பிரேக்"னு வர்ணனைக்காரன் சாடுதான். நானும் உத்துப் பாத்தாச்சு, ஒரு எளவும் ஒடையல. என்னதான் ஒடஞ்சுது?

சும்மாவந்தேன் | 6:40

மட்டையா இருக்கும் அண்ணே. தோத்தவன் தரையில போட்டு அடிப்பான்ல.

பாறசாலைப்பொண்ணு | 7:05

மட்டை ஒடஞ்சா அதுக்கு எச்சரிக்கை, அபராதம்னு வேற பேரு இருக்கு 😀

அண்ணே, நான் திருவனந்தபுரத்துல படிக்கேன், காலேஜ் டீம்ல ரெண்டு வருசமா ஆடுதேன். பிரேக்க மட்டும் முதல்ல பிடிச்சுக்கிடுங்க, மத்தது தானா வரும்.

ஒரு கேம் முழுக்க ஒரே ஆளுதான் சர்வீஸ் போடுவாரு. அடுத்த கேம் மத்த ஆளு. இப்பிடியே மாறி மாறிப் போவும். ஒரு கேமுக்கு நாலு பாயிண்டு: 15, 30, 40, அப்புறம் கேம். ரெண்டு பேரும் 40-ல நின்னா அது டியூஸ். அங்கேருந்து தொடர்ந்து ரெண்டு பாயிண்டு எடுக்கணும். ஒண்ணு எடுத்தா அட்வான்டேஜ், ரெண்டாவதையும் எடுத்தா கேம், விட்டா மறுபடி டியூஸ். ஆறு கேம் எடுத்தா செட், அதுலயும் ரெண்டு கேம் முன்ன இருக்கணும்.

சர்வீஸ் போடுதவருக்குத்தான் எப்பவும் கை ஓங்கியிருக்கும். பந்து எங்க, என்ன வேகத்துல போவும்னு அவரு முடிவு பண்ணுதாரு. அதனால தன்னோட சர்வீஸ் கேம ஜெயிச்சா அது பெரிய சாதனை இல்ல, ஹோல்டுன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. எதிராளியோட சர்வீஸ் கேமப் பறிச்சா அதுதான் பிரேக். ஒடஞ்சது அவரோட சர்வீஸ். 4-4-ல ஒரு பிரேக் வந்தா 5-4, அடுத்த கேம் நம்ம சர்வீஸ், அதப் பிடிச்சா செட்டே முடிஞ்சுது. ஒரு மணி நேரம் ஆடின செட்டு சில சமயம் அந்த ஒரே ஒரு கேம்ல தீர்மானமாவும்.

45-தான் தேய்ஞ்சு 40 ஆச்சு. சொல்லச் சொல்லச் சுருங்கிப் போச்சு, அவ்வளவுதான்.

சும்மாவந்தேன் | 7:21

கடிகார முள்ளுன்னு படிச்சேனே. கால், அரை, முக்கால்னு.

பாறசாலைப்பொண்ணு | 7:30

எல்லாரும் சொல்லுத கதைதான். ஆனா பிரான்ஸ்ல இந்த எண்ணுங்க புழங்கின காலத்துல கடிகாரத்துக்கு நிமிச முள்ளே வரல. லவ்வுக்கும் ஒரு கதை உண்டு, பிரெஞ்சுல முட்டைக்கு உள்ள சொல்லு திரிஞ்சு வந்ததுன்னு. அதுக்கும் சான்று கிடையாது. நாமளும் பரீட்சையில சைபர் வாங்கினா முட்டைன்னுதானே சொல்லுதோம், அதனால எனக்கு அந்தக் கதை பிடிக்கும்.

கொழிஞ்சாம்பாறை பீட்டி மாஸ்டர் | 8:15

வணக்கமுங்க. முப்பது வருசம் பள்ளிக்கூட மைதானத்துல விசில் ஊதுனவன், அதனால குறுக்க வர்றேன். இந்தப் பிரேக்க வெட்டுக்காரரு வாலிபால் வச்சே புரிஞ்சுக்கலாமுங்க. உங்க பக்கமும் எங்க பக்கமும் தெருவுக்கு ஒரு நெட்டு கட்டியிருக்குமே.

பழைய வாலிபால் ஞாபகம் இருக்குதுங்களா? 15 பாயிண்டு செட். சர்வீஸ் கையில இருக்கற டீமுக்கு மட்டும்தான் பாயிண்டு. எதிர் டீம் ஜெயிச்சா சர்வீஸ் கைமாறுமே ஒழிய பாயிண்டு ஏறாது. 1990-கள் கடைசியிலதான் அத மாத்தி, எவன் ஜெயிச்சாலும் பாயிண்டுன்னு ஆக்கி, செட்டையும் 25-ன்னு வச்சாங்க. அந்தப் பழைய கணக்குல "சர்வீஸப் புடுங்கு, சர்வீஸப் புடுங்கு"ன்னு கரையில நின்னு கத்துவோம் பாருங்க, அதேதானுங்க பிரேக்கு.

பாறசாலைப்பொண்ணு | 8:48

மாஸ்டர், தப்பா எடுக்காதீங்க. உங்க உதாரணம் பாதிதான் பொருந்துது. வாலிபால்ல சர்வீஸ் வாங்குத டீமுக்குத்தான் முதல்ல ஸ்மாஷ் அடிக்க வாய்ப்பு. எடுத்து, தூக்கிக் குடுத்து, அடிச்சுருவாங்க. அதனால சர்வீஸப் புடுங்குதது அங்க சாதாரணம், பிடிச்சு வச்சிருக்கதுதான் கஷ்டம். டென்னிஸ்ல தலைகீழ். பிடிச்சு வைக்கது சாதாரணம், புடுங்குததுதான் கஷ்டம். வாலிபால் கண்ணாடியப் போட்டுக்கிட்டு டென்னிஸ் பாத்தா, வேண்டாத இடத்துல கைதட்டுவோம்.

கொழிஞ்சாம்பாறை பீட்டி மாஸ்டர் | 9:02

அட, நல்லாத்தான் மடக்கறீங்க அம்மிணி. ஒத்துக்கறேன். ஆனா எங்க ஆட்டம் உங்க ஆட்டத்துக்குச் சொந்தம்தானுங்க. 1895-ல அமெரிக்காவுல மோர்கன்னு ஒரு பயிற்சியாளர் டென்னிஸ் நெட்டத் தலைக்கு மேல ஒசத்திக் கட்டித்தான் வாலிபாலக் கண்டுபிடிச்சாரு. பந்து தரையில விழாம அடிக்கறதுக்கு டென்னிஸ்ல வாலின்னு பேரு. பேரு அங்கிருந்து வந்ததுங்க.

வெட்டுக்காரன் | மதியம் 1:30

மோளே, மனசிலாச்சு. காலையில பாத்த ஆட்டத்துல 5-3-ன்னு நின்னப்ப ஏன் கூட்டம் மூச்சப் பிடிச்சிட்டு இருந்துதுன்னு இப்பதான் தெளிஞ்சுது. அந்தக் குரல் சங்கதி மட்டும் சொல்லணும். ஆளில்லாம எப்பிடி அவுட்டு?

பாறசாலைப்பொண்ணு | 2:10

கேமரா. கோர்ட்டச் சுத்தி வச்சு, பந்து விழுத இடத்தக் கணக்குப் பண்ணி, முன்னமே பதிஞ்சு வச்ச குரல ஒலிக்க விடுதாங்க. அமெரிக்க ஓப்பன்ல 2021-லேருந்து கோட்டு நடுவர் கிடையாது. விம்பிள்டன்லயும் 2025-ல எடுத்துட்டாங்க. பிரெஞ்சு ஓப்பன்தான் விடாப்பிடியா மனுசங்கள வச்சிருக்கு. அங்க செங்கல் பொடித் தரை, பந்து விழுந்த தடம் தெரியும், நாற்காலியில இருக்க நடுவர் இறங்கி வந்து விரல் வச்சுக் காட்டுவாரு.

புளியரைப் பெரியவர் | மாலை 5:20

தடம்னு சொன்னதும் எழுதணும்னு தோணிட்டு. இந்தப் பிள்ளைய பேசுததப் படிச்சிக்கிட்டே இருந்தேன்.

1966-ல எனக்குப் பன்னெண்டு வயசு. மலைக்கு அங்கிட்டு ஒரு எஸ்டேட் கிளப்பு, பேரு எதுக்கு. பந்து பொறுக்கிக் குடுத்தா ஒரு சாயங்காலத்துக்கு நாலணா. தாகம் எடுத்தா பின்பக்கம் போயி குழாயில குடிக்கணும், வராந்தாவுல கால் வைக்கப்படாது. வெள்ளைக்காரன் ஒண்ணு ரெண்டு பேரு மிச்சம், பாக்கியெல்லாம் நம்ம மேனேஜர்மாருதான். வராந்தா சட்டத்த அவாளும் மாத்தல.

செம்மண் தரை. காலையில ரோலர் இழுக்கணும், சாணி கரைச்சுத் தெளிச்சு மெழுகணும், வெயில் ஏறுமுன்ன சுண்ணாம்புல கோடு போடணும். நீளம் 78 அடி, அகலம் ஒத்தைக்கு ஒத்தை ஆடுனா 27, ரெண்டு ரெண்டு பேரா ஆடுனா 36. ரெண்டு பக்கமும் நாலரை அடிச் சந்து இருக்குல்லா, அது இரட்டையருக்கு மட்டும். நெட்டு ஓரத்துல மூணரை அடி, நடுவுல ஒரு பட்டையப் போட்டு இழுத்து மூணடிக்கு எறக்கிக் கட்டணும். இந்த அளவெல்லாம் நான் புத்தகத்துல படிக்கல, கயிறு பிடிச்சுப் படிச்சது. இன்னைக்கு உங்க ஃபோன்ல தெரியுத கோர்ட்டும் அதே அளவுதான்.

பந்து கோட்டுல விழுந்தா வெள்ளைப் பொடி பறக்கும். பொடி பறந்தா உள்ள. கோட்டுல இத்தினியூண்டு பட்டாலும் உள்ளதான். துரைமாருக்குள்ள தகராறு வந்தா என்னையத்தான் பாப்பாவ. "பையா, பொடி வந்ததா?" வந்ததுன்னு நான் தலையாட்டினா ஆட்டம் நடக்கும். வராந்தாவுல ஏறக்கூடாதவன் பேச்சுக்கு மைதானத்துல மட்டும் மதிப்பு.

ஒரு கூத்து சொல்லுதேன். ஆட்டம் நடக்கையில ரெண்டு பேருமே அடிக்கொருதரம் "ஜூஸ், ஜூஸ்"னு சொல்லுவாவ. நமக்கு நாக்குல எச்சி ஊறும், இப்பம் கொண்டாருவாவ, நமக்கும் ஒரு மடக்கு மிஞ்சும்னு. ஒரு மாசம் காத்துக் கெடந்தேன். அப்புறம் பட்லர் சொன்னாரு, ஏல அது டியூஸ்டா, நாப்பதுக்கு நாப்பதுன்னு அர்த்தம்.

சும்மாவந்தேன் | 5:41

பெரியவரே 😂 நாலணாவுக்கு ஜூஸும் கேட்டா எப்படி.

ஊத்துக்கோட்டை எக்ஸ்பிரஸ் | இரவு 8:05

பெரியவர் போஸ்ட்டுக்கு ஒரு கும்பிடு. நம்ம பங்குக்கு டைபிரேக்.

2008 ஜனவரி, சென்னை ஓப்பன் அரையிறுதி. நடாலும் மோயாவும். ஊத்துக்கோட்டையிலேருந்து பஸ் புடிச்சு நுங்கம்பாக்கம் போயிருந்தேன், ஒன்பது மணிக்கெல்லாம் திரும்பிடலாம்னு நெனப்பு. ஆட்டம் 3 மணி 54 நிமிசம். மூணே செட்டு! எப்படின்னா, மூணுமே 6-6-க்குப் போச்சு. கடைசி பஸ்ஸும் போச்சு.

6-6 ஆனா டைபிரேக். இதுல 15, 30 எல்லாம் கிடையாது, ஒண்ணு ரெண்டு மூணுன்னு நம்ம ஊர் எண்ணிக்கைதான். முதல்ல 7 எடுக்கணும், ரெண்டு வித்தியாசம் வேணும். முதல் ஆள் ஒரே ஒரு சர்வீஸ் போடுவார், அப்புறம் ஆளுக்கு ரெண்டு ரெண்டு. ஆறு பாயிண்டுக்கு ஒருக்கா பக்கம் மாறுவாங்க. எதிராளி சர்வீஸ்ல ஒரு பாயிண்டு எடுத்தா மினி பிரேக்.

அன்னிக்கு ஸ்கோர் 6-7 (3), 7-6 (8), 7-6 (1), நடால் ஜெயிச்சார். அடைப்புக்குள்ள இருக்கறது டைபிரேக்ல தோத்தவர் எடுத்த பாயிண்டு. 8-னா அது 10-8-ல முடிஞ்சிருக்குன்னு நாமளே போட்டுக்கணும். ரெண்டாவது செட்ல மோயா கையில நாலு மேட்ச் பாயிண்டு (அத எடுத்தா ஆட்டமே ஜெயம்) இருந்துச்சு, நாலும் போச்சு.

மறுநாள் பைனல்ல நடால் யூஸ்னிகிட்ட 0-6, 1-6. ராத்திரி முழுக்க ஆடினவர் காலுல ஒண்ணும் மிச்சமில்ல. 6-0-க்கு பேகல்னு பேரு, நடுவுல ஓட்டை இருக்கற ரொட்டி. நாம உளுந்து வடைன்னு வச்சுக்கலாம் நைனா.

வெட்டுக்காரன் | மறுநாள் காலை 5:55

இன்னைக்கும் மழை. பெரியவரே, உங்க எழுத்த வீட்டுக்காரிக்கு வாசிச்சுக் காட்டினேன், சிரிச்சுட்டு சாயா போட்டுத் தந்தா.

இன்னைக்கு வேற ஒரு சம்சயம். ஆட்டம் முடிஞ்சதும் பட்டியல் ஒண்ணு போட்டான், மொத்தப் பாயிண்டு யாருக்கு எத்தனைன்னு. தோத்தவனுக்குத்தான் கூடுதல்! இது என்ன நியாயம்?

பாறசாலைப்பொண்ணு | 7:12

இதுல பெரிய உதாரணம் 2019 விம்பிள்டன் ஃபைனல். ஃபெடரர் எடுத்தது 218 பாயிண்டு, ஜோகோவிச் 204. ஜெயிச்சது ஜோகோவிச். 7-6, 1-6, 7-6, 4-6, 13-12. அஞ்சாவது செட்ல 8-7, 40-15, சர்வீஸும் ஃபெடரர் கையில. ஒரே ஒரு பாயிண்டு போதும், ரெண்டு வாய்ப்பு. ரெண்டும் போச்சு. மூணு டைபிரேக்கையும் ஜோகோவிச் எடுத்தாரு. எனக்கு இன்னமும் அந்த ஆட்டத்த முழுசாப் பாக்க மனசு வராது.

(அந்த வருசம் அங்க கடைசி செட்டுக்கு 12-12 ஆனாத்தான் டைபிரேக், அதான் 13-12. 2022-லேருந்து கிராண்ட் ஸ்லாம்னு சொல்லுத நாலு பெரிய போட்டியிலயும் கடைசி செட்டு 6-6 ஆனா 10 பாயிண்டு டைபிரேக்.)

சும்மாவந்தேன் | 7:30

அநியாயம். 14 பாயிண்டு கூட எடுத்தவனுக்குக் கோப்பையக் குடுக்கணும். பேசாம 200 பாயிண்டு ஆட்டம்னு வச்சுத் தொலைக்கலாமே.

ஊத்துக்கோட்டை எக்ஸ்பிரஸ் | 7:44

எலக்ஷன்ல மட்டும் மொத்த ஓட்டு எண்ணியா முதலமைச்சர் ஆக்கறோம்? ஒரு தொகுதியில லட்சம் ஓட்டு வித்தியாசம், பத்துத் தொகுதியில ஐநூறு ஐநூறா தோல்வி, அப்ப யாரு கோட்டைக்குப் போவாங்க? 6-1-ல ஜெயிச்சாலும் ஒரு செட்டு, 7-6-ல ஜெயிச்சாலும் ஒரு செட்டு.

சும்மாவந்தேன் | 7:50

எலக்ஷனே அநியாயம்னுதான் நான் சொல்றேன்.

கொழிஞ்சாம்பாறை பீட்டி மாஸ்டர் | 8:20

அரசியலு வேண்டாமுங்க, இழையப் பூட்டிருவாங்க.

புளியரைப் பெரியவர் | 10:05

200 பாயிண்டுன்னு வச்சா, 150-க்கு 80-ன்னு ஆன பிறவு எவன் பாப்பான்? இந்தக் கணக்குல எப்பவும் வழி இருக்கு தம்பி.

அதே 1966 டிசம்பரு. கல்கத்தாவுல டேவிஸ் கோப்பை, நாட்டுக்கு நாடு அஞ்சு ஆட்டம், பிரேசில்கூட. 2-2-ன்னு நிக்கி, கடைசி ஆட்டம் நம்ம ராமநாதன் கிருஷ்ணனுக்கும் கோக்குங்கிற ஆளுக்கும். கிளப்பு ரேடியோவச் சுத்தி எல்லாரும். நாங்க பயலுவ சன்னலுக்கு வெளிய. மூணாவது செட்டு 10-12-ன்னு போச்சு, டைபிரேக்குங்கிற சங்கதியே அப்பம் கிடையாது. நாலாவதுல 2-5. ஒரு மேனேஜர் ரேடியோவ அமத்திப்புட்டு எந்திரிச்சுட்டாரு. இன்னொருத்தர் மறுபடி திருகினாரு. அஞ்சு கேமு வரிசையா எடுக்கணும், அதுல ரெண்டு கேமாவது எதிராளி சர்வீஸாத்தான் இருக்கும். எடுத்தாரு. 7-5. அடுத்த செட்டு 6-2. இந்தியா பைனலுக்குப் போச்சு. அன்னைக்கு மட்டும் பயலுவளுக்கும் கேக்கு குடுத்தாவ. வராந்தாவுக்குக் கீழ வச்சு.

மெல்போர்ன்ல ஆஸ்திரேலியாகிட்ட தோத்தோம். அதுக்கென்ன.

வெட்டுக்காரன் | மாலை 4:40

எனக்கு இப்பிடித் தோணுது, சரியான்னு பாருங்க. ஒவ்வொரு பாயிண்டும் ஒரு சொட்டுப் பால். சிரட்டை நெறைஞ்சா கேமு. ஆனா இங்க ஒரு விசேசம், ரெண்டு பேருல ஒருத்தன் சிரட்டை நெறைஞ்சதும் மத்தவன் சிரட்டைய அங்கனயே கமத்தி ஊத்திரணும். முக்காலு நெறைஞ்சிருந்தாலும் ஊத்தணும். அடுத்த மரத்துக்கு வெறும் சிரட்டையோடதான் போவணும். 218-ல கொஞ்சம் பால் அப்பிடி மண்ணுல போயிருக்கும்.

பாறசாலைப்பொண்ணு | 5:02

அண்ணே, எங்க கோச் ஒரு மாசம் சொல்லிக் குடுத்தது இதுதான். அப்பிடியே எடுத்துக்கிடுதேன்.

வெட்டுக்காரன் | 5:15

எடுத்துக்க மோளே. ரெண்டு சில்லறைச் சம்சயம் பாக்கி இருக்கு. சர்வீஸ் நெட்டுல உரசிட்டுப் போனா சிலப்பம் மறுபடி போடுதான், சிலப்பம் இல்ல. பின்ன ஆட்டக்காரன் பேரு பக்கத்துல ஒரு நம்பர், சீடுன்னு. விதையா? தேங்கா பாக்குத மாதிரி பந்து பாக்கதும் சொல்லல.

பாறசாலைப்பொண்ணு | 5:50

நெட்டுல உரசி சரியான கட்டத்துக்குள்ள விழுந்தா லெட், அந்த சர்வீஸ் கணக்குலயே வராது, திரும்பப் போடலாம். உரசி வெளிய விழுந்தா ஃபால்ட். ரெண்டு ஃபால்ட்டுன்னா பாயிண்டு போச்சு. சர்வீஸுக்கு அப்புறம் நடுவுல உரசினா ஒண்ணும் கிடையாது, ஆட்டம் போயிட்டே இருக்கும்.

பந்து: மேல இருக்க பூ ரோமம் அடி வாங்க வாங்கச் சிலும்பி நிக்கும். சிலும்பினது காத்துல மெதுவாப் போவும், படிஞ்சது சீறும். முதல் சர்வீஸுக்குப் படிஞ்சதா ஒண்ணு தேடுதாங்க. முதல்ல ஏழு கேம், அப்புறம் ஒன்பது ஒன்பது கேமுக்கு ஒருக்கா பந்த மாத்துவாங்க. புதுப் பந்துன்னா எதிராளிக்குத் தூக்கிக் காட்டிட்டுத்தான் போடுவாங்க, பாருங்க.

சீடு விதைதான். 128 பேருல 32 பேருக்கு நம்பர் குடுத்து, அவங்க ஆரம்பத்துலயே மோதாதபடி பட்டியல்ல தள்ளித் தள்ளி வைப்பாங்க. 1-ம் 2-ம் ஃபைனல்லதான் சந்திக்க முடியும். நீங்க கன்னு நடும்போது இடைவெளி விடுவீங்கல்லா.

புளியரைப் பெரியவர் | 6:10

கிருஷ்ணன் 1962 விம்பிள்டன்ல நாலாவது சீடு. அதுக்கு முந்தின ரெண்டு வருசமும் அரையிறுதி.

வெட்டுக்காரன் | மறுநாள் காலை 3:50

மழை விட்டுட்டு. மரம் காஞ்சிருக்கு. தலையில லைட்டும் காதுல ஒரு பக்கம் வயரும் மாட்டியாச்சு, வர்ணனைய மட்டும் கேட்டுக்கிட்டு வெட்டலாம்னு இருக்கேன். இப்பம் சொல்லுதது மனசிலாவுது, படம் வேண்டாம்.

ஞாயித்துக்கிழமை ஃபைனல் எத்தனை மணிக்கு?

பாறசாலைப்பொண்ணு | 6:35

ராத்திரி பதினொண்ணரை. மூணரை வரைக்கும் போனா அப்பிடியே வெட்டுக்குப் போயிரலாம் அண்ணே.